தேசிக்காயும் பூட்டாத நட்டும்

யோகலிங்கம் பயப்படாத பொருள் உலகத்தில் ஏதாவது உண்டா என்று அவர் மனைவி புஸ்பவதியிடம் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "புட்டுக்குப் பயமில்லை" என்பாள். மற்ற எல்லாவற்றுக்கும் பயம்தான். லிப்டுக்குப் பயம். தபால்பெட்டியில் அரசாங்கக் கடிதம் வரும் மஞ்சள் உறை கிடந்தால் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி ஏறுவார். ஏறிப் பார்த்து இறங்கினால், ஏறும்போது திறந்த கதவைச் சரியாகப் பூட்டினோமா என்று இன்னொருமுறை ஏறுவார். ஷெல்லடிக்குள்ளால் ஓடிவந்த மனுசன், அப்படித்தான் இருப்பார் என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. புஸ்பவதி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"அவர் அதுக்கு முந்தியே இப்பிடித்தான். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே கதிரையை ஆட்டிப் பாத்திட்டுத்தான் குந்தினவர்" என்பாள்.

ஆனால் இந்தப் பயம்தான் ஹம்பேர்க்கில் அவருக்குச் சோறு போட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. பிரேக் பார்ப்பது, ஸ்ரியரிங் பார்ப்பது, சில்லு நட்டுகளை இறுக்குவது. மற்றவர்கள் ஒருமுறை பார்ப்பதை அவர் மூன்றுமுறை பார்ப்பார். இறுக்கிய நட்டின்மேல் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போடுவார். கோடு போட்டதையும் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். ஆரம்பத்தில் சிரித்த ஜேர்மன்காரர்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தங்கள் சொந்தக் கார்களை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு ஒரே மகள். பெயர் சுபானி. அவளுக்குப் பயம் என்ற சாமானே கிடையாது. தாய் சொல்லுவாள், அப்பா எல்லாத்தையும் எடுத்துக்கொண்டார், பிள்ளைக்கு மிச்சமில்லை என்று. படித்து முடித்து, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கையில் சேர்ந்ததும் அவள் செய்த முதல் வேலை ஒரு பழைய கார் வாங்கியதுதான். இங்கிலாந்தில் செய்த பச்சை நிறக் கார். இரண்டு பேருக்குத்தான் இடம். கூரை இல்லை, காற்றுப்பை இல்லை. தாயைவிட அதற்கு வயது கூட. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். லொறிக்காரன் குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

அதைக் கண்ட அன்று யோகலிங்கம் சாப்பிடவில்லை. விற்கச் சொன்னார், கெஞ்சினார், மூன்று நாள் பேசாமல் இருந்தார். சுபானி அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். வேறு வழி தெரியாமல் அவர் அந்தக் காருக்கு அடிமையானார். குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த கராஜுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறுகளில் அதற்குக் கீழேயே கிடந்தார். ஓடாதே என்று சொல்ல முடியாவிட்டால், ஓடும்போது ஒன்றும் கழன்று விழாமலாவது பார்க்கலாம் அல்லவா.

அப்படிக் கிடந்தபோதுதான் கப்ளிங்கைக் கண்டார். ஸ்ரியரிங் தண்டு நேராகச் சில்லுவரை போவதில்லை. நடுவில் ஓரிடத்தில் தண்டு இரண்டாகப் பிரிந்து, ஒரு ரப்பர் வட்டால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த வட்டின் இரண்டு பக்கமும் இரும்புக் கவ்விகள். ஒவ்வொரு கவ்வியையும் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு போல்ட்டும் ஒரு நட்டும். ரோட்டின் அதிர்ச்சி கைக்கு வராமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். ஐம்பத்தைந்து வருசமாக வாங்கி வாங்கி, அந்த ரப்பர் வெடித்துப் போயிருந்தது. விரலால் அழுத்தியபோது வெடிப்பு வாய் திறந்தது. இவ்வளவு நாளும் என் பிள்ளை இதை நம்பியா ஓடினாள் என்று நினைத்ததும், காருக்குக் கீழேயே படுத்தபடி அழுதுவிட்டார்.

"புதுக் கப்ளிங் வராமல் இந்தக் கார் அசையாது" என்று சொல்லிக் காரின் திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுபானிக்கு அவசரம். அவளுடைய உயிர்த்தோழி, தமிழ்ப் பிள்ளை கிறிஸ்ரினாவுக்குப் பக்கத்து நகரமான லூனபேர்க்கில் பதிவுத் திருமணம். சனிக்கிழமை மத்தியானம். பெண்ணை அந்தப் பச்சைக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய கப்ளிங்கோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளி பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. அப்படியென்றால் வேலை சனி காலையில்தான்.

இங்கேதான் ராகுகாலம் வந்து குறுக்கே படுத்தது. ஜேர்மனிக்கென்று கணித்து அச்சடித்த நாட்காட்டி புஸ்பவதியின் குசினியில் தொங்குகிறது. ஊரில் ராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம். இங்கே கோடையில் பகல் நீளம், அதனால் ராகுவும் ஓவர்டைம் செய்வார். அன்றைக்கு ஒன்பது மணி கழியத் தொடங்கினால், பதினொன்று கழிந்துதான் விடுவார். சுபானி பத்தரைக்காவது புறப்படாவிட்டால் கலியாணம் முடிந்துவிடும்.

புஸ்பவதியிடம் இதற்கு மருந்து இருந்தது. ராகுகாலம் தொடங்க முதலே நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சை, அதாவது தேசிக்காய், வைத்து, காரைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்து நசித்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ராகுவும் கேதுவும் சேர்ந்து வந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது. பெரிய பாகங்கள் புதிதாகப் பூட்டிய வாகனம், தேசிக்காய் நசிக்காமல் போகலாமோ என்பது அவள் கட்சி.

யோகலிங்கத்துக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருந்தது. நம்பிக்கை இல்லாமலே பயப்பட அவருக்கு நன்றாகத் தெரியும்.

விடியவே தொடங்கிவிட்டார். சில்லுகளை நேராக நிறுத்தி, தண்டில் அடையாளம் போட்டு, துருப்பிடித்த பழைய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினார். ஒரு போல்ட் காலைநேரத்தைப் பாதி விழுங்கியது. மேல்பக்கக் கவ்வியைப் போட்டு, அளவுக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் நீள ஸ்பானரால் இறுக்கி, வெள்ளைக் கோடும் போட்டாகிவிட்டது. கீழ்ப்பக்கக் கவ்வியைத் தண்டில் ஏற்றி, போல்ட்டை நுழைத்து, நட்டை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிய நேரம் புஸ்பவதி நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துவிட்டு, தாம்பாளத்தோடு வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இன்னும் ரெண்டு நிமிசம்தான் கிடக்கு. கெதியா எடுங்கோ!"

"பொறு, ஒரு நட்டு..."

"அதைப் பிறகு பாருங்கோ. ராகு தொடங்கினால் எல்லாம் வீண். பிள்ளை போற பயணம்!"

பிள்ளை போகிற பயணம் என்றதும் அவர் கையை நட்டைவிட்டு எடுத்துவிட்டார். இவ்வளவு செய்துவிட்டு, இரண்டு நிமிசத்தால் பிழையாகிப்போய், நாளைக்கு ஏதாவது நடந்தால்? விரலால் சுற்றிய நட்டு ஒரு கார் நீளத்துக்குத் தாங்கும். அது அவருக்குத் தெரியும். பொனட்டை மூடினார். காரை ஸ்ராட் செய்து, நேராக, மெதுவாக முன்னுக்கு எடுத்தார். நான்கு தேசிக்காயும் சடசடவென்று நசிந்தன. புஸ்பவதி கற்பூரம் காட்டிக் கும்பிட்டாள்.

"சரி, இனித் தொடாதேங்கோ. ராகுகாலத்தில ஒரு ஆணியும் பூட்டக் கூடாது. வந்து சாப்பிடுங்கோ."

நட்டு இறுக்கவில்லை என்று அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரைகுறை வாகனத்தையா தேசிக்காயில் ஏற்றினீர்கள், அபசகுனம், என்று அவள் அழத் தொடங்குவாள் என்று பயம். சுபானி மேலே உடுத்திக்கொண்டுதான் இருக்கிறாள், பத்தரைவரை நேரமிருக்கிறது. கையைக் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, புஸ்பவதி அயரும் நேரம் பார்த்துக் களவாக இறங்கி இறுக்கிவிடலாம். இதுதான் அவருடைய திட்டம். தேசிக்காய்க்கு எடுத்த திறப்பை வழக்கப்படி வீட்டுக் கதவடிக் கொழுக்கியில் மாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனார்.

அவர் கை கழுவினால் லேசில் முடியாது. உடுப்புத் தோய்க்கும் தூள் போட்டு, நகக்கண் எல்லாம் தேய்த்து, தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டுக் கழுவுவார். துடைத்துக்கொண்டு வந்து மேசையடியில் கதிரையில் குந்தினார். புஸ்பவதி புட்டைப் போட்டாள்.

"பிள்ளையையும் சாப்பிடச் சொல்லு" என்றார்.

"அவள் போயிட்டாள்."

"எங்க போயிட்டாள்?"

"லூனபேர்க்குக்குத்தான். கிறிஸ்ரினா ரெலிபோன் எடுத்து, தலையில பூக்குத்த நேரத்தோட வரச் சொன்னதாம்."

"எதில போனவள்?"

"இதென்ன கேள்வி? காரிலதான். நான்தான் சொன்னனான், தேசிக்காய் நசிச்சாச்சு, எல்லாம் முடிஞ்சுது, போயிட்டு வா எண்டு."

யோகலிங்கம் எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கராஜ் வாசலில் நான்கு தேசிக்காய்த் தோல்கள் மட்டும் கிடந்தன. அவரைத் தவிர வேறு யார் அந்தத் தோல்களைப் பார்த்தாலும் கார் தயார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பின்னால் ஓடிவந்த புஸ்பவதியிடம் சொன்னார். "கீழ் நட்டு இறுக்கேல்லை. கழண்டால் ஸ்ரியரிங் சுத்தும், சில்லுத் திரும்பாது." அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

சுபானியின் ரெலிபோனுக்கு எடுத்தார்கள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுக்க மாட்டாள். கார் ஓடும்போது ரெலிபோனைப் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும், கடவுளே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் வேறு யாருமில்லை, யோகலிங்கம்தான். எத்தனையோ சொல்லியும் கேட்காத பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் கேட்டு நடந்தாள்.

பொலிசுக்கு எடுத்தார். முப்பது வருசமாகப் பேசிய ஜேர்மன் மொழி அந்த நேரம் பார்த்து நாக்கைவிட்டு ஓடிவிட்டது. காரின் இலக்கத்தை மூன்றுதரம் சொன்னார். எந்த ரோட்டால் போகிறாள் என்று கேட்டார்கள். அது அவருக்குத் தெரியவில்லை. பார்க்கச் சொல்கிறோம் என்றார்கள். ஸ்பானர்கள் கிடந்த ஆயுதப் பெட்டியைத் தூக்கித் தங்கள் சொந்தக் காருக்குள் எறிந்தார். புஸ்பவதி செருப்பை மாற்றாமலே ஏறினாள்.

அவுட்டோபான் நெடுஞ்சாலையில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் யோகலிங்கம் பழக்கம். அன்றைக்கு வேகமாய்ப் போகிறவர்களின் இடப்பக்கப் பாதையைவிட்டு இறங்கவில்லை. ஆனால் அவர் கண் ரோட்டின் ஓரத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவு வரும்போதும், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்குமோ என்று எட்டிப் பார்த்தார். தடுப்புக் கம்பி நெளிந்திருக்கிறதா? புல்லில் சில்லு இழுபட்ட தடம் தெரிகிறதா? இடையிடையே அவருடைய வலதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசின. இரண்டு சுற்று. இரண்டே இரண்டு சுற்றுத்தான் சுற்றினேன் என்று நினைத்து நினைத்து அவருக்குத் தலை சுற்றியது.

"அம்மாளாச்சி, என்ரை பிள்ளையை விட்டிடு" என்று புஸ்பவதி விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் கிறிஸ்ரினாவுக்கு எடுத்தாள்.

"இன்னும் வரேல்லை அன்ரி" என்றாள் கிறிஸ்ரினா. "நானும் பாத்துக்கொண்டிருக்கிறன். ஏன் அன்ரி, என்ன?"

புஸ்பவதி ரெலிபோனை வைத்துவிட்டாள். கலியாணப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது?

பாதி வழியில் வாகனங்கள் நின்றன. முன்னால் நீல விளக்குகள் சுழன்றன. அம்புலன்ஸ் ஒன்று ஓரமாகப் போனது. யோகலிங்கம் பிரேக்கில் காலை வைத்தபடி, கண்ணை மூடினார். இனி நான் என்ன செய்வேன் என்று ஒரே ஒரு எண்ணம். மூடிய கண்ணுக்குள் அந்த நட்டு தெரிந்தது. வாகனங்கள் ஊர்ந்தன. கிட்டப் போனபோது, தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ கசங்கிக் கிடந்தது. புஸ்பவதி கத்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும்தான், அது குடைசாய்ந்த சுற்றுலா வண்டி ஒன்றின் கூடாரச் சீலை என்று தெரிந்தது. யாரோ ஒரு கிழவனும் கிழவியும் போர்வை போர்த்திக்கொண்டு புல்லில் இருந்தார்கள். அவர்களுக்காக இரக்கப்பட யோகலிங்கத்திடம் அப்போது நெஞ்சில் இடமில்லை. நன்றி, நன்றி என்று யாருக்கென்று தெரியாமல் முணுமுணுத்தார்.

லூனபேர்க் வந்தது. வழியில் பச்சைக் கார் எங்கேயும் இல்லை. திருமணப் பதிவு அலுவலகத்துக்கு முன்னால் கல் பதித்த சதுக்கம். விருந்தாளிகள் பட்டுச்சேலையும் கோட்டுமாக நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் பலூன்களைப் பிடித்துக்கொண்டு ஓடித்திரிந்தார்கள். அங்கேயும் கார் இல்லை. அப்படியென்றால் இன்னும் எங்கேயோ ரோட்டில் இருக்கிறாள். அல்லது இல்லை. யோகலிங்கம் எண்ணெய் படிந்த சட்டையோடு சதுக்கத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார்.

அப்போது அந்த என்ஜின் சத்தம் கேட்டது. அவருக்கு அது தெரியாதா? தெருவின் கீழ்முனையில் பச்சைக் கார் திரும்பி, கல்லில் குலுங்கிக் குலுங்கி ஏறி வந்தது. முன்னால் வெள்ளை ரிபன் கட்டியிருந்தது. தலைமுடி கலையக் கூடாதென்று அவள் அவுட்டோபானை விட்டுக் கிராமத்து ரோட்டால் வந்திருக்கிறாள். தகப்பனைக் கண்டதும் ஆச்சரியத்தோடு கையைத் தூக்கி ஆட்டினாள். ஒரு கைதான் ஸ்ரியரிங்கில்.

கத்த வேண்டும்போல் இருந்தது அவருக்கு. கத்தவில்லை. கத்தினால் பயந்து சட்டென்று திருப்புவாள். ஓடவும் இல்லை. அவள் இடப்பக்கம் ஒடித்துத்தான் சதுக்கத்துக்குள் வரவேண்டும். அந்த இடத்தில்தான் பலூன் பிள்ளைகள் நின்றார்கள். யோகலிங்கம் திரும்பி அந்தப் பிள்ளைகளை நோக்கிக் கையை விரித்துக்கொண்டு போனார். "விலகுங்கோ! தள்ளிப் போங்கோ!" தமிழில் சொன்னார், ஜேர்மனில் சொன்னார். கோட்டுப் போட்ட ஒருவரைத் தோளில் பிடித்துத் தள்ளினார். ஆருக்கோ பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூட்டம் ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்துக்குள் பச்சைக் கார் மெதுவாகத் திரும்பி, வந்து, நின்றது.

"அப்பா? என்ன இஞ்ச?"

"நிப்பாட்டு. திறப்பை எடு. இறங்கு."

பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கீழ் நட்டு இல்லை. எந்த ஊர் ரோட்டில் விழுந்ததோ தெரியாது. போல்ட் முக்கால்வாசி வெளியே வந்து, அதன் நுனி மட்டும் தண்டின் பள்ளத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. யோகலிங்கம் விரலை வைத்தார். வைத்த மாத்திரத்தில் போல்ட் அவர் உள்ளங்கைக்குள் விழுந்தது.

"கொஞ்சம் லூசாக் கிடந்த மாதிரித்தான் இருந்தது" என்று பின்னால் நின்று சுபானி சொன்னாள். "புது ரப்பர், ஓட ஓடச் சரிவரும் எண்டு நினைச்சன். நீங்கள் பூட்டினதுதானே அப்பா, பிறகு நான் ஏன் யோசிக்கவேணும்?"

யோகலிங்கம் திரும்பி, கையை விரித்துக் காட்டினார். "நான் பூட்டேல்லை பிள்ளை." தேசிக்காய்க்காகப் பாதியில் விட்டதை, சொல்லப் பயந்ததை, கை கழுவப் போனதை எல்லாம் அங்கேயே, அவ்வளவு பேருக்கும் முன்னால் சொன்னார். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

சுபானி முதலில் சிரித்தாள். பிறகு போல்ட்டைப் பார்த்தாள். அது போகும் பள்ளத்தைப் பார்த்தாள். வந்த வழியில் இருந்த பாலத்தையும், எதிரே வந்த லொறிகளையும் நினைத்திருப்பாள். சிரிப்பு நின்றது. முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போனது. இருபத்தாறு வருசத்தில் அந்த முகத்தில் யோகலிங்கம் பயத்தைக் கண்டதில்லை. இப்போது கண்டார். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலிருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

ராகுகாலம் இன்னும் முடியவில்லை. புஸ்பவதியே பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எதை வாங்கினாலும் மேலதிகமாக ஒன்று வாங்கி வைக்கிறவர் அவர், ஆகையால் புது நட்டு இருந்தது. போல்ட்டைப் போட்டு, நட்டை இறுக்கினார். 'டக்' என்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் 'டக்'. சில்லை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பொலிசுக்கு எடுத்து, பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொன்னார்.

"சரி, எடு" என்றார் மகளிடம்.

"ஏலாது அப்பா." அவள் காரைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "நீங்கள் ஓட்டுங்கோ. இல்லாட்டி இஞ்சயே நிக்கட்டும். கிறிஸ்ரினா பஸ்ஸில போகட்டும்."

இதைத்தானே அவர் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடாதே, விற்றுவிடு, பஸ்ஸில் போ. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பச்சைக் கார் அத்தோடு தொலைந்திருக்கும், அவர் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார்.

யோகலிங்கம் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து, குனிந்து, அந்தச் சின்ன இருக்கைக்குள் தன்னை மடித்து வைத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் அந்தக் காருக்குக் கீழே கிடந்தவர், உள்ளே இருந்து ஓடியதே இல்லை. நிலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"வா. பொம்பிளையை ஏத்த முதல் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவம்" என்றார்.

சுபானி குனிந்து சில்லைப் பார்த்தாள். பிறகு வந்து ஏறினாள். ஸ்ரியரிங்கைத் தொடாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பயமில்லையோ அப்பா?"

"என்ன பயம்?" என்றார் யோகலிங்கம். "நான் பூட்டினதுதானே."

நடுக்கம் அவளுக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். கார் சதுக்கத்தைவிட்டு மெல்ல இறங்கியது. முதல் வளைவில் அவள் திருப்பும்போது அவர் சில்லைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்க்கவில்லை. தெருவோரத்து வீடொன்றைக் காட்டி, வடிவான ஜன்னல், பார் பிள்ளை என்றார்.